ஆண் என்று எழுதப்பட்டவள்

1954 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை உண்ணாமலை திருவண்ணாமலை ஸ்டேஷனில் விழுப்புரம் ரயில் ஏறினாள். மகள் பாஞ்சாலைக்குக் கல்யாணமாகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. புருஷனும் மகன் காசியும் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்களிடம் திரும்பிப் போக அவளுக்குக் கொடுத்திருந்த அனுமதிச் சீட்டு ஆடிக் கடைசியோடு காலாவதியாகிவிட்டது. ஆனியிலேயே கல்யாணத்தை முடித்திருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் இழுத்தடித்ததில் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் தாலி கட்டுவார்கள்?

"சீட்டு போனா போவுது. ராமேஸ்வரத்துப் பக்கம் தோணி இருக்காம்" என்றாள் உண்ணாமலை. "நீ அழுவாத. கயித்துல மஞ்ச கூடக் காயல."

அடுத்த சித்திரையில் காசியின் கடிதம் வந்தது. அம்மா ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருந்தான்.

அன்றிலிருந்து மாமியார் தனத்துக்கு வாய்க்கு வேலை கிடைத்தது. "கள்ளத்தோணி ஏறினவ எந்தக் கரையில எவங்கூட இறங்கினாளோ! புருஷன் அலுத்துப்போச்சு போல."

பாஞ்சாலை கடலை மில்லில் நாளெல்லாம் தொலி உடைத்துக்கொண்டு, தன் கல்யாணத்துக்காகத் தங்காமல் இருந்திருந்தால் அம்மா முறையாகக் கப்பலேறிப் போயிருப்பாளே என்று நினைத்துக்கொள்வாள். அம்மா கடலில் போனாளா, பிடிபட்டாளா, ஓடித்தான் போனாளா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் கண்ணாயிரம் ஒரு வழி சொன்னார். அனுமதியில்லாமல் வந்தவர்களையும் திருப்பி அனுப்பியவர்களையும் பற்றி அக்கரையிலும் இக்கரையிலும் பதிவேடு வைத்திருக்கிறார்கள், எழுதிக் கேட்கலாம் என்றார். வருஷத்துக்கு ஒரு மனு போட்டாள். உண்ணாமலை என்ற பெண் எவரும் பதிவேட்டில் இல்லை என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

"இல்லாத பொம்பளைய எங்கேர்ந்து குடுப்பான்?" என்று சிரித்தாள் தனம்.

1962இல் அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்தார். பாஞ்சாலையின் மகளுக்கும் உண்ணாமலை என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்ததற்கே தனம் மூன்று நாள் சோறு தின்னவில்லை. வந்தவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே படித்தார்: "அண்ணாமலை. ஆண். வயசு ஆறு."

"ஐயா, பொண்ணுங்க அது. உண்ணாமலைங்க."

"ஒரு எழுத்துதானேம்மா? ஊசி, ஆணா பொண்ணானு பாத்தா ஏறும்?"

குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு அலறியது. பாஞ்சாலைக்கு அது காதில் விழவில்லை. கல்யாணமான வருஷம், தை மாசம், தபால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டது நினைவுக்கு வந்தது: "பாஞ்சாலைக்கு ஒரு கவர். அண்ணாமலைங்கற ஆளு அனுப்பியிருக்கார்."

"யாருடி அவன்?" என்று கேட்டாள் தனம். அம்மா அக்கரை சேர்ந்து மாசக்கணக்காகிறது என்று பாஞ்சாலை நம்பிக்கொண்டிருந்த காலம் அது. "எனக்குத் தெரியாது, அத்தே. சத்தியமா அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாது" என்று மலையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். கவர் பிரிக்காமலே திரும்பிப் போனது.

மறுநாள் மில்லுக்குப் போகாமல் கண்ணாயிரத்திடம் போய் உட்கார்ந்தாள்.

"பேரு அண்ணாமலைனு எழுதுங்கய்யா. ஆம்பளைனு போடுங்க."

"ஏம்மா, பெத்த தாயப் போயி..."

"பொம்பளைனு கேட்டு ஏழு வருஷம் இல்லைனுட்டாங்க. அவங்க எப்படி எழுதி வெச்சிருக்காங்களோ அப்படியே கேளுங்க."

கண்ணாயிரம் எழுதினார். கை நாட்டு வைக்கும்போது அவள் அழவில்லை. மைப் பெட்டியில் விரலை இன்னும் அழுத்தித் தோய்த்தாள்.

பதினொரு மாதம் கழித்து, 1963 கார்த்திகையில் பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததைக் கண்ணாயிரம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்:

"அண்ணாமலை. ஆண். வயது சுமார் நாற்பது. ஊர் திருவண்ணாமலை. அனுமதியின்றி இலங்கைக்குள் நுழைந்து பிடிபட்டவர். டிசம்பர் 1954இல் திருப்பி அனுப்பப்பட்டு, இக்கரை முகாமில் வைக்கப்பட்டார். 26 பிப்ரவரி 1955 அன்று காய்ச்சலால் மரணம். உடைமைகள்: புடவை இரண்டு, கண்ணாடி வளையல் நான்கு. உறவினர்: எவரும் இல்லை."