கல்லறைத் தோட்டத்து வாசலில்

செல்லக்கண்ணு ரங்கூனில், கப்பலில் வரும் பயணிகளுக்கு ஊர் சுற்றிக்காட்டும் மோட்டார் பஸ்ஸைப் பதினோரு வருஷமாக ஓட்டி வந்தான். கூட்டிப்போனவர்களில் ஒருவர்கூடக் குறையாமல் கப்பலில் சேர்ப்பான். அந்தப் பெயர்தான் அவன் வேலையைக் காப்பாற்றி வந்தது.

அன்று ஏழு ஸ்காட்லாந்துக்காரர்கள். தங்கள் நாட்டார் இங்கே கட்டிய தேவாலயத்தையும் மர ஆலையையும் பார்த்தார்கள். ஏரிக்கரையில் நின்று, எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறது என்றார்கள். கடைசியாகப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. கப்பலுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் செல்லக்கண்ணு தோட்டத்து வாசலில் நின்று, "வாங்க, எல்லாரும் வாங்க, ஏறுங்க!" என்று கத்திவிட்டான்.

வழிகாட்டி இராமையா அவன் கையைப் பிடித்தார். "அடப்பாவி! செத்தவங்க இருக்கிற எடத்துல நின்னு வாங்கன்னு கூப்பிடுவாங்களாடா?"

"வெள்ளைக்காரப் பேய்க்குத் தமிழ் எங்கண்ணே தெரியப்போவுது?"

துறைமுகத்தில் கப்பல் அதிகாரி ஏழு பேரையும் எண்ணி ஏற்றிக்கொண்டார். இராமையாவும் வீட்டுக்குப் போய்விட்டார். பஸ்ஸைத் திருப்புவதற்காகச் செல்லக்கண்ணு பின்னால் பார்த்தான். கடைசி இருக்கையில், அத்தனை மழையிலும் நனையாத பழங்காலத்துக் கோட்டுடன் ஒரு வெள்ளைக்காரர் கப்பலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வாங்க என்று கூப்பிட்டவன் அவன்தான். இப்போது இறங்கு என்று எப்படிச் சொல்வது?

"எங்க விடணும் தொரை?" என்றான்.

கப்பல் சங்கு ஊதி நகர்ந்தது. அவர் இறங்கவில்லை.