சின்னபொண்ணு கட்டிய பரிசம்

சின்னபொண்ணு எனக்கு உறவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு தட்டி வேலி, அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே வருஷம் பாகூர்ப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம். நான் வாயாடி, அவள் நேரெதிர். நடவு வயலில் நாங்கள் ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தால் அவள் பாட்டுக்கு நாற்றை ஊன்றிக்கொண்டே போவாள். அப்படிப்பட்டவள் ஊரையே வாயடைக்க வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அவள் புருஷன் பலராமன் சாராயக் கடையிலிருந்து திரும்பினால் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் அப்படி அடி விழும். ஒரு ஐப்பசியில் அவள் மணிக்கட்டை முறித்தான். கட்டு அவிழ்ப்பதற்குள் அவள் நடவுக்கு வந்து இடக்கையால் நட்டாள். என்றைக்காவது அடித்தே கொன்றுவிடுவான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பேசத்தான் செய்தோம்.

விட்டு விலக வழி இல்லாமல் இல்லை. அப்போது எங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள், கட்டுவதும் அறுப்பதும் அவரவர் ஜாதி வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் வழக்கப்படி, வாழப் பிடிக்காதவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டில் வாங்கிய பரிசத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். புருஷன் வாங்கிக்கொண்டால் பஞ்சாயத்தில் துரும்பை முறித்துப் போடுவார்கள், உறவு தீர்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பரிசத்தைக் கொண்டுவருவது யார்? அப்பன், அண்ணன் தம்பி, இல்லையென்றால் அடுத்துக் கட்டிக்கொள்ளப் போகிறவன். பரிசம் கட்டியவன் அவளைக் கூட்டிக்கொண்டு போவான். பரிசத்தோடு ஆம்பளை வராத பஞ்சாயத்தை நாங்கள் பார்த்ததே கிடையாது.

சின்னபொண்ணுக்கு வந்த பரிசம் கன்றோடு ஒரு கறவை மாடு. அவள் அண்ணன் தங்கவேல் அதை எப்போதோ விற்றுத் தின்றுவிட்டான். நெட்டப்பாக்கத்துக்கு நடந்துபோய் அவனிடம் அழுதாள். பொறுத்துப் போ என்று ஒரு படி கேழ்வரகு கொடுத்து அனுப்பினான், மகராசன்.

அதற்கப்புறம் அவள் அழுது நான் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் வரப்பில் இரண்டு கட்டுப் புல் அறுப்பாள். ஒன்று வீட்டு எருமைக்கு. இன்னொன்றை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தையலம்மாள் வீட்டில் கொண்டுபோய்ப் போடுவாள். தையலம்மாள் பிள்ளையில்லாத கைம்பெண், மாடு வைத்துப் பிழைப்பவள். புல் விற்று வெற்றிலைக்குக் காசு சேர்க்கிறாள் என்று நாங்கள் கேலி செய்தோம். உண்மையில் அவள் தையலம்மாளின் இன்னும் ஈனாத கிடாரி ஒன்றை வாரத்துக்கு வளர்த்துக்கொண்டிருந்தாள். வாரம் என்றால், வளர்க்கிறவளுக்கு முதல் கன்று சொந்தம். அந்தக் கன்று வளர்ந்து, சினை பிடித்து, அது ஒரு கன்று போட வேண்டும். அத்தனை வருஷமும் அடியை வாங்கிக்கொண்டு, மூச்சு விடாமல் இருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரியாது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. சின்னபொண்ணு கன்றோடு ஒரு வெள்ளைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். எல்லோருடைய கண்ணும் பசுவுக்குப் பின்னால் ஆம்பளையைத் தேடியது. என் கண்ணும்தான்.

நாட்டாமை ஆதிமூலம் கேட்டார்: “பரிசம் கட்டுற ஆம்பள யாரும்மா?”

“நான்தான் கட்டுறேன் மாமா.”

“நீயே கட்டுனா, உன்ன இட்டுனு போறது யாரு?”

“எனக்குக் காலு இருக்குது. கன்னோட கறவ மாடுன்னுதான் அன்னிக்கிப் பரிசம் பேசுனீங்க. ஆம்பளய அதுல சேக்கலயே.”

சுப்புராயன் என்ற கிழவர்தான் முதலில் எழுந்தார். இதை விட்டால் நாளைக்கு வீட்டுக்கு வீடு ஒருத்தி மாட்டோடு வந்து நிற்பாள் என்றார். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். தீர்ப்புத் தள்ளிப்போனால் அவள் பலராமன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். மறுநாள் உயிரோடு இருக்க மாட்டாள்.

சின்னபொண்ணு மாட்டுக் கயிற்றைப் பலராமனுக்கு முன்னால் தரையில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பலராமன் எழுந்தான். பெண்டாட்டி சம்பாதித்தது புருஷனுக்குத்தான், மாடும் தனது, அவளும் தனது என்று கத்திக்கொண்டே கயிற்றைப் பிடித்து இழுத்தான். தையலம்மாள் அதற்கு ஒப்பவில்லை. மாடு தன் மாட்டுக் கொட்டாயில் பிறந்தது, அவன் வீட்டு வைக்கோலில் ஒரு வாய் தின்றதில்லை, அது சின்னபொண்ணுவின் வாரத்துக் கன்று என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள்.

நாட்டாமை பலராமனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கயித்தப் புட்சிட்டியேப்பா. பரிசம் கைமாறிடுச்சி.”

மாட்டுப் பரிசத்தில் கயிற்றைப் பிடித்தால் வாங்கிக்கொண்டதாகத்தான் அர்த்தம். எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூட இது தெரியும். பெருத்த மடியைப் பார்த்த ஆசையில் அவனுக்கு மறந்துவிட்டது. அவளுக்குத் தன் புருஷனை நன்றாகத் தெரிந்திருந்தது. நான் பிரமித்துப் போய் நின்றேன்.

துரும்பை முறித்துப் போட்டார்கள். கூட்டிக்கொண்டு போக யாரும் வரவில்லை. சின்னபொண்ணு கும்பிட்டுவிட்டு நடந்தாள். ஆம்பளைகள் விலகி வழிவிட்டார்கள். அதைப் போல ஒரு காட்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். எல்லாத்தையும் குடுத்துட்டியேடி, இனிமே இன்னா பண்ணுவ என்று கேட்டேன்.

“இன்னொரு கிடாரி கட்டியிருக்கேன். இது எனக்கு.”

அடுத்து வந்த மழைக்காலத்திலிருந்து நானும் இரண்டு கட்டு அறுத்தேன். நான் மட்டுமல்ல, ஊரில் இன்னும் பல பெண்கள் வாரத்துக்குக் கிடாரி கட்டினார்கள், தையலம்மாள் கொட்டாயை இரண்டு முறை நீட்டிக் கட்ட வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் பலராமன் அளவுக்கு இல்லை, ஆனாலும் கோபம் வந்தால் கை முந்தும். ஒரு நாள் குழம்பில் உப்பு கரித்தது என்று கையை ஓங்கினார். வாசலில் நான் இறக்கி வைத்திருந்த இரண்டாவது புல்கட்டு அவர் கண்ணில் பட்டது. கை இறங்கியது. மோர் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். அதற்கப்புறம் அந்தக் கை என் மேல் பட்டதில்லை.