குளத்தில் நட்ட குச்சி

அந்தக் குச்சியை நட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் எனக்குச் சாமர்த்தியம் வந்து, பழியை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவேன். ஒரு முறை கட்டியும் இருக்கிறேன்.

தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடை திறக்க ஒன்பது மணி ஆகும். அதற்கு முந்தைய மூன்று மணி நேரம் எனக்கும் அண்ணாச்சிக்கும் சொந்தம். அண்ணாச்சி என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மேலகரத்துக்காரர், என் பைக்கின் பின்சீட்டுக்கு நிரந்தர உரிமையாளர். நான் படம் எடுப்பேன், அவர் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவார். கடலோரப் பறவை என்று புத்தகத்தில் போட்டிருக்கும் சில இனங்கள் எங்கள் பக்கத்துக் குளத்துக்கும் வரும். அவற்றை அண்ணாச்சி சந்தேகக் கேஸ் மாதிரிதான் பார்ப்பார். அலகு, கால் நிறம், நடை, கூட வந்தவர்கள் யார் யார், எல்லாம் எழுதியாக வேண்டும்.

போன பங்குனியில் குளம் வற்றி, நடுவில் ஒரு சேற்றுத் திட்டு தெரிந்தது. அதில் ஒரு ஜோடி பவளக்கால் உள்ளான் நான்கு முட்டை இட்டிருந்தது. நீளமான சிவப்புக் கால், கறுப்பு இறக்கை, ஒரு தடவை பார்த்தால் மறக்காது. வருஷா வருஷம் வந்து போகும் பறவைதான், ஆனால் எங்கள் குளத்தில் முட்டையிட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. பேரன் பிறந்தபோதுகூட அண்ணாச்சி இவ்வளவு குதிக்கவில்லை. கரையிலிருந்து மட்டும் பார்ப்பது, படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை, குஞ்சு வெளியே வரும்வரை திட்டுப் பக்கம் போவதில்லை என்று பேசிவைத்துக்கொண்டோம். அந்த நாலும் பொரித்துவிட வேண்டும். அந்த மாதம் எங்களுக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

பேச்சை மீறியது நான். திட்டை ஒட்டி ஒரு தட்டான் சுற்றிக்கொண்டிருந்தது. கால்கள் வழக்கத்தைவிட நீளம். இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்ல, நெஞ்சின் பக்கவாட்டுக் கோடுகள் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும். அதுவோ ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்றது. உட்காராத தட்டானுக்கு உட்கார இடம் கொடுப்பது பூச்சிப் படம் எடுக்கிற எங்கள் கூட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். குச்சி ஒன்றை நட்டால் வந்து உட்காரும். பறந்துபோனாலும் அதே நுனிக்குத் திரும்பி வரும். அண்ணாச்சி வராத ஒரு நாள் முழங்கால் சேற்றில் இறங்கி, இடுப்புயர உடைமரக் குச்சி ஒன்றை நட்டேன். கூட்டிலிருந்து பத்தடி இருக்கும். அரை மணியில் தட்டான் வந்து உட்கார்ந்தது. படத்தில் கோடு கோடாகத் தெரிந்தது.

மறுநாள் சொன்னபோது அண்ணாச்சி முறைத்தார். பிறகு படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். குச்சியைப் பிடுங்க இன்னொரு தரம் சேற்றில் இறங்கினால் பறவை மிரளுமே என்று அதை அப்படியே விட்டோம். எங்கள் அக்கறையைப் பாருங்கள்.

அதே வாரம், அறுத்த வயல்களில் வாத்து மேய்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்து குளத்துக் கரையில் தார்ப்பாய்க் கொட்டகை போட்டார்கள். விடியக்காலையில், ராத்திரி வாத்துகளை அடைத்த வலைக்குள் கிடக்கும் வாத்து முட்டைகளைப் பொறுக்கி அட்டைகளில் அடுக்குவார்கள். நானும் அண்ணாச்சியும் அந்த அட்டைகளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தோம். சில நாள் கழித்து ஒரு காலையில் தொலைநோக்கியில் பார்த்தால் கூட்டில் இரண்டு முட்டைதான் இருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கரையிலிருந்து திட்டுப் பக்கம் சேற்றில் புதிதாக ஒரு காலடித் தடம் போயிருந்தது. வெறுங்கால், சின்னப் பாதம். அண்ணாச்சி குனிந்து பார்த்து, பொம்பளைத் தடம் என்றார். அவ்வளவுதான், நேரே கொட்டகைக்குப் போய் அந்த அம்மாவிடம் கத்தினேன். முட்டையை எடுத்தது நீங்கள்தான், தடமே சொல்கிறது என்றேன். வாத்து முட்டையே கொட்டிக் கிடக்கும்போது அதை எடுத்து நாங்கள் என்ன செய்ய என்று அவர் கேட்டார். அது எனக்கு எதிர்த்துப் பேசுவதாகப் பட்டது. அண்ணாச்சி குரலை உயர்த்தவில்லை. ஸ்டேஷனில் பேசுகிற அதே அடங்கிய குரலில், "சாயந்திரத்துக்குள்ள எடம் காலியாயிரணும்" என்றார். கணவர் வலையைச் சுருட்ட ஆரம்பித்தார். அந்த அம்மா மட்டும் என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். நான் பைக்கை உதைத்துவிட்டேன்.

மறுநாள் நாங்கள் போனபோது கொட்டகை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. நிம்மதியாக உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு உள்ளானும் கத்திக்கொண்டே திட்டின் மேல் வட்டமடித்தன. கேமராவில் கண்ணை வைத்தேன். ஒரு காக்கை, அலகில் முட்டை. பின்னால் இளவெயில். கை தானாக அழுத்தியது. பன்னிரண்டு படம். நல்ல படம் என்று மனசு சந்தோஷப்பட்டதையும் மறைக்கக் கூடாது.

அப்புறம்தான் அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன்.

"ஏலே, அது ஒன் குச்சில்லா" என்றார் அண்ணாச்சி.

ஒரு மரம்கூட இல்லாத குளத்து நடுவில், கூட்டை நோட்டம் விட அந்தக் காக்கைக்கு இடமில்லாமல் இருந்தது. நான் கொடுத்திருக்கிறேன். கத்திக்கொண்டு சேற்றில் ஓடினோம். கூட்டில் மிச்சமிருந்த ஒற்றை முட்டையும் கொத்து வாங்கி ஒழுகிக்கொண்டிருந்தது. காலடித் தடத்தைப் பார்த்தேன். அது குச்சிவரை வந்து, அங்கேயே திரும்பியிருந்தது. கூட்டுப் பக்கம் ஓரடிகூடப் போகவில்லை. முப்பது வருஷம் தடம் பார்த்த மனிதர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று கடையில் ஒருவருக்குச் சளி மாத்திரைக்குப் பதில் வயிற்று மாத்திரையை எடுத்து நீட்டினேன். நல்லவேளை, அவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு நாள் விசாரித்தோம். மூன்றாம் நாள் செங்கோட்டை போகிற வழியில், அறுத்த வயலில் வாத்துக் கூட்டம் தெரிந்தது. வரப்பில் நின்ற அந்த அம்மா எங்களைக் கண்டதும் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"மிச்ச ரெண்டும் பொரிச்சிட்டா சார்?"

அண்ணாச்சி வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன். காக்கை தூக்கிவிட்டது, உங்களைச் சொன்னது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததில் பாதி வாயில் வரவில்லை.

"அந்தக் காக்காதானே?" என்றார் அவர். "நாங்க வந்த அன்னையில இருந்தே அது குச்சியில வந்து உக்காரும். நானும் கம்ப வீசி வெரட்டிக்கிட்டே கெடந்தேன். ஒரு நா பாவூர்சத்திரம் போயிட்டு வாரதுக்குள்ள அது ரெண்டு முட்டையத் தூக்கிட்டு சார். குச்சியப் பிடுங்கிப் போட்டுரலாம்னு அன்னைக்கே சேத்துல எறங்கிப் போனேன். நீங்க தெனமும் அதப் பாத்துத்தான படம் பிடிக்கிய. பிடுங்குனா ஏசுவியளேன்னு அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன்."

ஏசியிருப்பேன். மறுநாள் காலையில் வந்து, குச்சியைக் காணோம் என்றதும் நேரே அந்தக் கொட்டகைக்குத்தான் போயிருப்பேன். தட்டான் உட்காரும் குச்சியில் உங்களுக்கு என்ன வேலை என்று குளத்துக்கே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். அண்ணாச்சியும் அடங்கிய குரலில் அவர்களை இடம் காலி பண்ணச் சொல்லியிருப்பார்.