மிஷின் கேட்ட தேதி

அதிர்ச்சி என்றால் தங்கபாய்க்கு முதலில் கால்தான் விட்டுப்போகும். எங்கே நிற்கிறாளோ அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று பள்ளிக்கூட போர்டுக்கு அடியிலேயே உட்கார்ந்தாள். அப்பா போன சேதி வந்தபோது சர்ச் படியில் உட்கார்ந்தாள். ராஜபாளையத்தில் அவளுக்கு வேண்டியவர்கள் எது நடந்தாலும், "தங்கபாய் உக்காந்துட்டாளா?" என்றுதான் கேட்பார்கள். தொண்ணூற்று நான்காம் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்குள் அவள் உட்கார்ந்ததைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும்.

அவள் ஒரு நூற்பு மில் ஆபீஸில் டைப்பிஸ்ட். ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதன் பக்கம் போகவே எல்லாரும் பயந்தார்கள். மீசை வைத்த கணக்கப்பிள்ளைகள்கூட எட்ட நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. கடைசியில் தங்கபாயை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஏழெட்டு வருஷம் அதோடுதான் அவளுக்குக் குடித்தனம். காலையில் சுவிட்சைப் போட்டதும் அது இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும். இவள் தட்டுவாள். வாசல் தெளிப்பதை யாராவது ஒரு வேலையாக நினைப்பார்களா? இவளுக்கும் அது அப்படித்தான் இருந்தது. விரல் தட்டியது மனசுக்குத் தெரியாது.

மில்லில் புது மிஷின்கள் வந்ததும் பழையதை ஸ்ரீவில்லிபுத்தூர் ஐயாதுரை வாங்கினார். கோயிலுக்குப் போகிற தெருவில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கிற கடை அவருடையது. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் ஜாதகம் என்று அலைவதைப் பார்த்து, அவரும் மதுரையில் ஜாதகம் கணிக்கிற பிளாப்பி வாங்கி வந்துவிட்டார். அவருக்கு ஜோசியமும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. தைரியம் மட்டும் இருந்தது. மிஷினை மாட்டிக்கொடுக்கத் தங்கபாய் போனாள். சர்ச்சுக்குப் போகிறவள் ஜாதகக் கடைக்கு மிஷின் மாட்டலாமா என்று அவளுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. வயரை மாட்டுவதில் என்ன பாவம் என்று தேற்றிக்கொண்டாள்.

"கிழக்க பாத்து வைங்கம்மா. தெக்க பாத்து வச்சா எவன் வருவான்?" என்றார் ஐயாதுரை.

கிழக்கே வைத்தால் வயர் எட்டவில்லை. மேஜையையே திருப்பிப் போட்டாள். மிஷினின் நெற்றியில் சந்தனம், குங்குமம் ஏறியது. சூடத்தை அதன் உச்சியில் வைக்கப் போனவரைக் கெஞ்சித் தடுத்து, தட்டைக் கையிலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நல்ல நேரம் பிறந்ததும், "போடுங்கம்மா சுவிட்ச" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை இறுக மூடிக் கும்பிட்டார். திரை வெளிச்சமானது, தேதி கேட்டது, தங்கபாயின் விரல் தட்டியது. அவர் கண்ணைத் திறந்தபோது ஜாதகப் பக்கமே வந்து நின்றது.

வெள்ளோட்டமாக அவருடைய ஜாதகத்தையே போட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு தெரிந்த ஜோசியரிடம் ஓடினார். "இம்மி பிசகலம்மா!" என்று திரும்பி வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் வரை எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, நல்ல பேரோடு தங்கபாய் பஸ் ஏறினாள்.

அந்தச் சமயத்தில்தான் வேலுத்தாய்க்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அதே மில்லில் நூல் சுற்றுகிற பிரிவில் வேலை பார்த்தாள். தங்கபாய்க்குப் பக்கத்து வீடு. இருபத்து நாலு வயது. மாப்பிள்ளை தளவாய்புரம் தவசிமுத்துவின் மகன். இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "நல்லாச் சிரிக்கான்டி" என்று வேலுத்தாய் சொன்னது தங்கபாயிடம் மட்டும்தான். அவள் அப்படி ஒருத்தனைப் பற்றிச் சொன்னதும் அதுதான் முதல் தடவை. குடும்ப ஜோசியர், பெண்ணுக்குச் சுக்கிர திசை, கண்ணை மூடிக்கொண்டு முடிக்கலாம் என்றார். தவசிமுத்து, எதற்கும் கம்ப்யூட்டரிலும் ஒரு வாட்டி பார்த்துவிடுவோம் என்று குறிப்பை வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் வேலுத்தாய் ஒரு காகிதத்தோடு வந்து வாசலில் நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"வேண்டாம்னுட்டாவ. எனக்குக் கேது திசை நடக்காம். இன்னும் அஞ்சு வருசம் இருக்காம். அதுக்குள்ள தாலி ஏறினா நிக்காதாம்."

"உங்க சோசியர் சுக்கிரன்னுதான சொன்னாரு?"

"எங்கம்மாவும் அதத்தான் கேட்டா. மனுசன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் சொல்லுமாங்காவ."

தங்கபாய் காகிதத்தைப் பிரித்தாள். எழுத்துகளுக்கு நடுவே வரிக்கு வரி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. மில் பிரிண்டரில் எழுத்தைக் குத்துகிற ஊசிகளில் ஒன்று உடைந்து வருஷக்கணக்காகிறது. கம்ப்யூட்டரோடு சேர்த்து அதையும் ஐயாதுரைக்குக் கொடுத்திருந்தார்கள். இது நம்ம மிஷின் அல்லவா! அவள் கை வைத்து மாட்டிய மிஷின், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறது. வாசல்படியிலேயே உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முடியாததுமாக வேலுத்தாயை இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள்.

"அண்ணாச்சி, ஆஃப் பண்ணிட்டு மொதல்லருந்து போடுங்க. இவ ஜாதகத்தப் போடுங்க. நான் தொட மாட்டேன்."

ஐயாதுரை பெருமையாகக் கும்பிட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டார். திரை தேதி கேட்டது. அவர் வேலுத்தாயின் பிறந்த தேதியைத் தட்டினார். மிஷின் தப்பு என்றது. அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் வெறும் என்டரை அமுக்கிவிட்டு மேலே போனார்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றாள் தங்கபாய்.

"தேதி கேக்குல்லா? ஜாதகக் கடையில பெறந்த தேதியத் தவிர வேற எதக் கேக்கும்? மொதத் தடவ மாட்டேங்கும். என்டர அமுக்கினா உள்ள விட்டுரும். பொறவு மறுபடியும் கேக்கும், அப்ப வாங்கிக்கிடும்."

தங்கபாய் சாமி படங்களுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கரண்டு போனால் தேதியை மறந்துவிடுகிற மிஷின் அது; எண்பதாம் வருஷத்துக்கு முந்தின தேதி எதைத் தட்டினாலும் ஏற்காது. இன்றைய தேதியைச் சொல்லாமல் என்டரை அமுக்கினால், எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்று என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும். அந்தத் தேதிக்கு என்ன திசையோ அதைத்தான் நடப்புத் திசை என்று அடித்துத் தள்ளியிருக்கிறது. பெரிய ஆள் மாதிரி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவள், வாசல் தெளிப்பது போன்ற அந்த ஒன்றைச் சொல்லாமல் போய்விட்டாள். அவளுக்குத் தன் விரல்களையே பிடிக்கவில்லை.

எழுந்து இன்றைய தேதியைத் தட்டி, மறுபடியும் போட்டாள். சுக்கிர திசை வந்தது. வேலுத்தாயின் முகத்தில் போன ரத்தம் திரும்பி வந்தது.

"ஏட்டி, வா, இப்படியே தளவாய்புரத்துக்குப் பஸ் ஏறுவோம்" என்றாள் தங்கபாய்.

ஐயாதுரை தலையைச் சொறிந்தார். "தவசிமுத்து அண்ணாச்சி ரெண்டு நாளைக்கு முன்ன வந்தாவளே. சேத்தூர்ல வேற பிள்ள பாத்திருக்காவளாம். அதுக்கும் இங்கதான் போட்டோம். குரு திசைன்னு வந்துச்சு. நேத்துப் பூ வச்சு நிச்சயம் பண்ணிட்டாவ. எனக்குக்கூட மிட்டாய் குடுத்து விட்டாவ."

கம்பியில் குத்தியிருந்த அந்தப் பிள்ளையின் குறிப்பை ஐயாதுரையே உருவினார். தங்கபாய் அடித்தாள். அந்தச் சேத்தூர்ப் பிள்ளைக்கு நடப்பது சனி திசை. ஐயாதுரை, "முருகா!" என்று ஸ்டூலில் சாய்ந்தார். எத்தனை பேர் இந்தக் கடையில் காகிதம் வாங்கிப் போனார்களோ, அத்தனை முகமும் அவர் கண்ணில் வந்து நின்றிருக்க வேண்டும்.

தங்கபாய் இரண்டு காகிதத்தையும் மடித்தாள். "ரெண்டையும் மூஞ்சிக்கு நேரா நீட்டுவோம். ஞாயம் ஞாயம்தான்."

வேலுத்தாய் அவள் கையிலிருந்து சேத்தூர்ப் பிள்ளையின் காகிதத்தை வாங்கினாள். படித்தாள். பிறகு நாலாகக் கிழித்தாள்.

"ஏட்டி! என்னட்டி பண்ணுத?"

"நேத்துத்தான பூ வச்சிருக்காவ. இதக் கொண்டு போனா இன்னைக்கே எடுத்துருவாவ. இது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பேசாம வா."

தங்கபாய்க்கு இந்தத் தடவை உட்காரக்கூடத் தோன்றவில்லை. ஐயாதுரைக்குத் தேதி போடுவதைச் சொல்லிக்கொடுத்தாள். காகிதம் வாங்கிப் போனவர்களைத் தேடிப்பிடித்து மாற்றிக்கொடுக்கச் சொன்னாள். சேத்தூரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. பின்னாளில் எத்தனையோ பழைய கம்ப்யூட்டர்களை எத்தனையோ கடைகளில் அவள் மாட்டினாள். வயரைத் தொடுவதற்கு முன்பே, "இன்னைக்குத் தேதிய மொதல்ல போடணும்" என்று சண்டைக்குப் போவதுபோலச் சொல்லுவாள். ஏன் இந்தப் பொம்பளை இப்படிக் கத்துகிறாள் என்று வாங்கியவர்கள் விழிப்பார்கள்.

அன்றைக்கு இருவரும் ராஜபாளையம் பஸ் ஏறினார்கள்.

"ஏட்டி, அந்த மிஷின் கணக்குல எனக்கு எம்புட்டு வயசு?" என்றாள் வேலுத்தாய் திடீரென்று.

தங்கபாய் கணக்குப் போட்டாள். "பத்து."

"பத்து வயசுப் பிள்ளைக்கு எவன்டி தாலி கட்டுவான்? அது சரியாத்தான் சொல்லிருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தங்கபாயின் மடியில் கவிழ்ந்தாள். அவளைத் தடவிக்கொடுக்கக் கையைத் தூக்கினாள் தங்கபாய். மில்லில் தினமும் காலையில் விரல் தட்டியதே மனசுக்குத் தெரியாமல் இருந்த அந்தக் கையை, இப்போது அவள் முதுகில் பார்த்துப் பார்த்து வைத்தாள்.