கூஜாவோட வந்த பிள்ளைக

இந்த ஊருல தண்ணி கேட்டா டம்ளரு உதட்டுல படக்கூடாது. அண்ணாந்து ஊத்திக்கணும். வந்த புதுசுல எனக்கு மூக்குல ஏறி, தாவணியெல்லாம் நனைஞ்சு, நாகல் நகர் கடைக்காரர் சிரி சிரின்னு சிரிச்சாரு. ரங்கூன்ல தெருவுக்குத் தெரு மரத்தடியில பானை வச்சிருப்பாங்க. பக்கத்துல ஒரே ஒரு குவளை. ரிக்‌ஷாக்காரனும் மோந்து குடிப்பான், காலேஜு வாத்தியாரும் மோந்து குடிப்பாரு, கவுத்து வச்சிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க. பர்மாவுல இருந்து வந்த உங்களுக்குத் தெரியாததா. இன்னும் அங்க கப்பலுக்குக் காத்துக்கிட்டு இருக்கிறவங்க யாராச்சும் இதப் படிச்சா, அங்கயே அண்ணாந்து குடிச்சுப் பழகிட்டு வாங்க. கிண்டலுக்குச் சொல்லல.

நாங்க வந்து ஒன்றரை வருசமாச்சு. கடையெல்லாம் பர்மா சர்க்காரு எடுத்துக்கிட்டதும், மொகல் தெரு ஜவுளிக்கடையில வேலை பாத்த எங்கப்பா, ரெண்டு டிரங்குப் பெட்டியோட எங்களக் கப்பலேத்திக் கூட்டிட்டு வந்தாரு. இப்ப திண்டுக்கல் காய்கறி மண்டியில தராசுகிட்ட நிக்கிறாரு. நான் ரெண்டு வருசம் காலேஜு படிச்ச திமிரோட வந்து, இங்க டைப் இன்ஸ்டிட்யூட்டுல பசங்களுக்கு விரல் வைக்கச் சொல்லிக் குடுக்கிறேன். அஞ்சு மணி பேட்ச் வர்றதுக்குள்ள இத அடிச்சு முடிக்கணும், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. எங்கம்மா வீட்டோட இருக்கு. தங்கச்சி மீனாவுக்கு அஞ்சு வயசு. பாதி பர்மாப் பேச்சு, பாதி தமிழ். முனிசிபல் ஸ்கூல்ல மொத நாளே அவ பேச்சக் கேட்டு வாத்தியாரே சிரிச்சிட்டாரு. அன்னைக்கு வாய மூடுனவதான். வீட்டுலகூட கையக் காட்டித்தான் சோறு கேப்பா. அம்மா ராத்திரி பகலா அழுதுச்சு. ஊமையாப் போயிருவாளோன்னு எங்களுக்கெல்லாம் பயம்.

அப்பத்தான் ரோஸ்லின் மிஸ் பள்ளிக்கூடம் கெடைச்சது. மெட்ராஸ்ல மாண்டிசோரி ட்ரெயினிங் முடிச்சிட்டு வந்து, நாகல் நகர்ல ஒரு வாடகை வீட்டுல நடத்துறாங்க. மொத்தம் பதினாலு பிள்ளைக. பெரம்பு கெடையாது, சிலேட்டு கெடையாது. ஆளுக்கொரு பாய். பிள்ளை தனக்குப் பிடிச்ச சாமான எடுத்து, பாய விரிச்சு, அதுல வச்சுச் செய்யணும், முடிச்சா எடுத்த எடத்துல வைக்கணும். அடுத்தவன் பாய மிதிக்கக் கூடாது. உப்புத்தாள்ல எழுத்து வெட்டி ஒட்டியிருப்பாங்க, வெரலால தடவணும். பட்டன் மாட்டணும், பித்தளை தேய்க்கணும், தரை கூட்டணும். பதினோரு மணிக்கு முறை வச்சு ஒரு பிள்ளை சின்ன ஜக்கத் தூக்கிட்டுப் பாய் பாயாப் போயி எல்லாருக்கும் தண்ணி ஊத்தணும், ஒரு சொட்டுச் சிந்தாம. மீனா அதுல அப்படியே ஒட்டிக்கிட்டா. மூணாவது வாரம் மிஸ்ஸு எங்கிட்ட ஓடி வந்து சொன்னாங்க: "இன்னைக்குப் பேசுனா. ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் நின்னு, 'தண்ணி வேணுமா'ன்னு கேட்டா." அன்னைக்கு வீட்டுல நாங்க மூணு பேரும் மாத்தி மாத்தி அவகிட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சு வயிறு வீங்கிப் போச்சு.

பெத்தவங்க வந்து பாக்குற நாளுன்னு ஒண்ணு வச்சாங்க. அம்மாவும் நானும் போனோம். பெரியவங்க செவுத்தோரமா நிக்கணும், பேசக் கூடாது, பிள்ளைகளத் தொடக் கூடாது. பிள்ளைக பாட்டுக்கு வேலை செய்யுதுக. சேகர்னு ஒரு பையன், எங்கப்பா நிக்கிற மண்டி இல்ல, வேற ஒரு காய்கறி மண்டி மொதலாளி வீட்டுப் பிள்ளை, சின்ன வெளக்கமாத்த எடுத்து அம்புட்டு அக்கறையாக் கூட்டுறான். அவங்கம்மா மரகதம், ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆளு, மெதுவா மிஸ்கிட்டச் சொன்னாங்க: "ஏனுங்க மிஸ்ஸு, எங்க பையன் வெளக்கமாறு புடிக்கவாங்க இங்க வுட்டிருக்கோம்? அதுக்குன்னு ஆளுக இல்லீங்களா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். மிஸ்ஸு பதில் சொல்லத்தான் போனாங்க. எனக்கு வாய் அடங்கல. "எங்கம்மாவோட தாத்தா ரங்கூன் முனிசிபாலிட்டியில தெரு கூட்டப் போன ஆளுதாங்க. என்ன கொறஞ்சு போச்சு? அவரு பேத்தி மக காலேஜு படிச்சிட்டு உங்க முன்னாடி நிக்கிறேன்ல" அப்படின்னு சொன்னேன். அம்மா என் கையப் பிடிச்சு இழுத்துச்சு. மரகதம் அக்கா சிரிச்ச மொகம் மாறாம, "அப்படீங்களா" அப்படின்னாங்க. அம்புட்டுத்தான். நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அம்மாகிட்டப் பீத்திக்கிட்டே வந்தேன்.

திங்கக்கெழமை சேகர் ஒரு பித்தளை கூஜாவோட வந்தான். வீட்டுத் தண்ணியாம், உடம்புக்குச் சேரலையாம். புதன்கெழமை ஆறு கூஜா. அடுத்த வாரம் பாத்தா அனேகமாப் பாய்க்கொரு கூஜா, மூடி போட்டு, வரிசையா. யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லல. சண்டை இல்ல, சத்தம் இல்ல. மீனாவோட முறை வந்தப்ப நான் ஸ்கூல் லெட்டரு டைப் அடிச்சுக் குடுக்கப் போயிருந்தேன், சன்னல் வழியாப் பாத்தேன். ஜக்க ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டுப் போறா. "தண்ணி வேணுமா?" ஒருத்தன் தலையாட்டுறான். அடுத்த பாய். "எங்கிட்ட கூஜா இருக்கே." அடுத்த பாய். பேகம்பூர் தோல் மண்டிக்காரர் மக ஒருத்தி மட்டும் டம்ளர நீட்டுனா. ஒரு டம்ளர் மட்டும் கொறஞ்ச ஜக்க அப்படியே கொண்டு போயி எடுத்த எடத்துல வச்சா மீனா. ஒரு சொட்டுச் சிந்தல. சாயங்காலம் வீட்டுல, "எனக்கும் கூஜா வேணும்"னு கேட்டா. அம்மாவுக்கு வெவரம் புரியல. பிள்ளை ஆசையாக் கேக்குதேன்னு மறுநாளே வாங்கிட்டு வந்துருச்சு. அந்த வாரத்தோட மீனா மறுபடியும் கையக் காட்டிச் சோறு கேக்க ஆரம்பிச்சிட்டா.

மிஸ்ஸுகிட்டப் போயி கத்துனேன். அவங்க கத்தல. "கூஜா கொண்டு வராதீங்கன்னு சொன்னேன்மா. மறுநாள் நாலு பிள்ளைக வரல. இன்னும் நாலு நின்னா இந்த வீட்டக் காலி பண்ணணும். மூடிட்டா மீனா எங்க போவா, அதச் சொல்லு." எனக்கு முனிசிபல் ஸ்கூல் வாத்தியார் மொகந்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

ஞாயித்துக்கெழமை நானே மரகதம் அக்கா வீட்டுக்குப் போனேன். வெளிய கெடந்த பெஞ்சுல உக்காரச் சொன்னாங்க. "அன்னைக்குச் சொன்னது சும்மாங்க. ஆத்திரத்துல வாய்க்கு வந்தத அடிச்சு விட்டுட்டேன்" அப்படின்னேன். காலேஜுல டிபேட்டுல கப் வாங்குன வாயி அது.

"அதானே பாத்தேன்," அப்படின்னாங்க. "பிள்ளைகளப் பாத்தா அப்படித் தெரியலையேன்னு அவருகிட்டச் சொன்னேனுங்க. அய்யன் எந்தூரு கண்ணு?" அப்பாவத்தான் கேக்குறாங்க.

"பாலசமுத்திரம்."

"அட, எந்தக் கூட்டமுங்க?"

கூட்டம்னா இவங்க சாதியில வம்சப் பேரு. ஒரே கூட்டத்துக்குள்ள கட்ட மாட்டாங்க. அப்பாவோடது எனக்குத் தெரியும், சொன்னேன். அது நெசந்தான். அப்பா அந்த ஆளுதான், ரங்கூனுக்குப் போயி அம்மாவ விரும்பிக் கட்டுனாரு. மரகதம் அக்கா மொகம் மலர்ந்து போச்சு. "நம்ம பக்கந்தானா! வெளிய உக்காந்திருக்கியே, உள்ள வா அம்மிணி" அப்படின்னு கூட்டிட்டுப் போயி, அவங்க குடிக்கிற டம்ளர்லயே காப்பி குடுத்தாங்க. குடிச்சேன். "அம்மா?" அப்படின்னாங்க. அப்பாவுக்கு அத்தை மகள்னு ஒரே போடாப் போட்டேன். "அப்ப அவங்க எந்தக் கூட்டம்?" அங்க மாட்டிக்கிட்டேன். அம்மாவத்தான் கேக்கணும்னேன். "கேட்டாப் போச்சு. தெனம் காலையில நாந்தானே பையன வுட வாரேன். ஸ்கூல் வாசல்ல உங்கம்மாவப் பாத்து எந்தூரு, யாரு மகள்னு நானே கேட்டுக்கறேன்."

வீட்டுல சொன்னேன். அப்பா, "ஒரு கூட்டத்துப் பேரு சொல்லித் தாரேன். ஊரு பேரும் தாரேன். மனசுல வச்சுக்க" அப்படின்னாரு. அம்மா வெங்காயம் உரிக்கிறத நிறுத்தல.

"எங்க தாத்தா தெருவக் கூட்டித்தான் எங்கம்மாவ வளத்தாரு. அவர இல்லேன்னு உங்க மக போயிச் சொல்லிட்டு வந்துட்டா. சரி, படிச்சவ. என்னையும் போயிச் சொல்லச் சொல்லாதீங்க." அப்புறம் என்னப் பாத்துக் கேட்டுச்சு: "பாப்பாவுக்கு எப்பத் தண்ணி ஊத்துற முறை?"

"வியாழக்கெழமை."

"அப்ப நீயே கூட்டிட்டுப் போ. நான் அந்தம்மா கண்ணுல படல."

வியாழக்கெழமை கூஜா ரெண்டே ரெண்டுதான் இருந்துச்சு. சேகரே மொதல்ல டம்ளர நீட்டுனான். மீனா பேசுறா. வாய் ஓயாமப் பேசுறா, அதுவும் சேகர் வீட்டுப் பேச்சுல, ஏனுங்க வாங்கன்னு. அவளுக்குப் பர்மாப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கிட்டு வருது. அங்க நம்மளக் 'கலா'ன்னாங்க, வெளிநாட்டானாம். போ உன் ஊருக்குன்னாங்க. வந்தாச்சு. இங்க ஊரு இருக்கு எங்கப்பாவுக்கு, ஊரு இருக்கு மீனாவுக்கு, ஒரு டம்ளர் காப்பியில எனக்கும் எடம் கெடைச்சிருச்சு. எங்கம்மாவுக்குத்தான் குடுக்க முடியல. குடுக்கக் கூடாதுன்னு கதவச் சாத்துனதும் நாந்தான்.

ஆனா பிள்ளை ஸ்கூலுக்குள்ள போறதப் பாக்காம அம்மாவுக்கு மனசு ஆறாது. அதனால எங்களுக்குப் பின்னாடி தள்ளியே வரும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதுரை பஸ் நிக்கிற எடத்துல, ஊருக்குப் போறவங்களோட ஆளா முக்காடு போட்டு நிக்கும். இங்கிட்டு மரகதம் அக்கா என் தோள்ல கையப் போட்டு, "அம்மாவக் காணோமே கண்ணு" அப்படிம்பாங்க. உடம்புக்கு முடியலைங்கன்னு சொல்லுவேன். அங்கிட்டு பஸ் வந்து நிக்கும். கண்டக்டர் எறங்கி, "ஏறும்மா, எங்க போகணும்?"னு கேப்பாரு. அம்மா தலைய ஆட்டும். பஸ் போயிரும். செத்த நேரத்துல அடுத்தது வரும், அதே கேள்வியக் கேட்டுக்கிட்டு.