தப்பு சொல்ல வராத பிரிஸில்லா

எங்க பெரியம்மா பொண்ணு பிரிஸில்லாவுக்கு இருபத்தொம்போது வயசு. பொறந்தது தங்கவயல், இருக்கிறது பெங்களூரு ஜீவனஹள்ளி, வேலை வைட்ஃபீல்ட்ல தண்ணி டெஸ்ட் பண்ற ஒரு லேப்ல. ஆறு வருஷமா அவ அங்க அதிகமா சொன்ன வார்த்தை "எஸ் சார்". ஒரே ஒரு தடவ மேனேஜர் கோவிந்தப்பாவோட ரிப்போர்ட்ல தப்பு இருக்குன்னு சொல்லிட்டா. "ஏனம்மா, மேனேஜர் நானா நீயா?"ன்னு மூக்கால கேட்டுட்டு, ஒரு மாசம் பாட்டில் கழுவ விட்டாரு மனுஷன்.

இந்த வருஷம் நெதர்லாந்துல ஒரு யூனிவர்சிட்டி பிஎச்டிக்கு ஆள் எடுக்குதுன்னு பாத்து அப்ளை பண்ணா. பழைய சுரங்க ஊருங்கள்ல வீட்டுக்குள்ள படியிற தூசியப் பத்தி ஆராய்ச்சி. அதுல தங்கவயலும் ஒண்ணு.

பெரியம்மா ஞானம்மாளுக்குப் புரியல. "ஏண்டி, படிக்கப் போறியா, வேலைக்குப் போறியா?"

"ரெண்டும்தாம்மா. அங்க பிஎச்டின்னா நாலு வருஷ வேலை. அவங்களே சம்பளம் குடுப்பாங்க."

"படிக்கிறதுக்குச் சம்பளமா? எவனோ ஏமாத்துறான், பாத்துக்க."

முதல் இன்டர்வியூ லேப்டாப்ல. ப்ரொஃபசர் பேரு யான். ஆராய்ச்சி ப்ளானை முன்னாடியே அனுப்பியிருந்தாரு. "இதுல என்ன தப்பு?"ன்னு கேட்டாரு. "நத்திங் சார், வெரி குட் ப்ளான் சார்"ன்னுட்டா இவ.

ரெண்டு நாள்ல மெயில். அடுத்த ரவுண்டுக்கு ரெண்டே பேரு, அதுல இவ ஒருத்தி. கீழ மட்டும் நாலு வரி: நாங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனீங்க, உங்க கருத்து என்னன்னே தெரியல, அடுத்த தடவையும் இப்படின்னா எடுக்க மாட்டோம்.

"நெஜமாவே தப்பு இல்லியாக்கா?"ன்னு கேட்டேன்.

"இருக்குடா, பெரிய தப்பு. வார நாள்ல காலைல பத்து மணிக்கு வீடு வீடாப் போய் கேள்வி கேக்கணுமாம். பத்து மணிக்கு தங்கவயல்ல எவன் இருக்கான்? பாதி ஊரு விடியறதுக்குள்ள ரயில் ஏறி பெங்களூரு வந்துடுது."

"அதச் சொல்ல வேண்டியதுதான?"

"சார் மூஞ்சிக்கு நேரா எப்படிடா சொல்றது?"

சரின்னு நானே யான் ஆனேன். 'ர'வத் தொண்டைல உருட்டி, "பிர்ர்ரிஸில்லா, வாட் இஸ் ராங்?"னு ஒரு வாரம் கேட்டேன். "சாரி சார், பட் சார்"னுதான் வந்துச்சு. ஒரு நாள் கடுப்பாகி கோவிந்தப்பாவோட மூக்குக் குரல எடுத்தேன். "ஏனம்மா, மேனேஜர் நானா நீயா?"

வந்துச்சு பாரு! "நீங்கதான் சார்! அதுக்காகத் தப்பு சரியாயிடுமா?"

"இதையே யான்கிட்ட சொல்லு. அந்த 'சார்' மட்டும் கட் பண்ணிடு."

ரெண்டாவது இன்டர்வியூல சொன்னா. "யான், உங்க ப்ளான் தப்பு"ன்னு ஆரம்பிச்சு ரயில் கதைய முழுசா சொன்னா. இவளுக்குக் காதெல்லாம் வேர்த்துடுச்சு.

அப்புறம் யான் கேட்டாரு, "அப்ப எப்பதான் போறது?"

"ஞாயித்துக்கிழமை. சர்ச்ல காலைப் பூசை முடிஞ்சு, அடுப்புல கறி வேகுற நேரம். எல்லாரும் வீட்ல இருப்பாங்க."

யான் எழுதிக்கிட்டாரு.

ஒம்போதாம் நாள் மெயில் வந்துச்சு. வேலை இவளுக்குத்தான், செப்டம்பர்ல சேரணும். கூடவே திருத்துன ப்ளானையும் அனுப்பியிருந்தாரு.

பெரியம்மா ஸ்வெட்டர் வாங்கணும்னு பிரேசர் டவுனுக்குக் கெளம்பி வாசல்ல நின்னாங்க.

"இரும்மா"ன்னா பிரிஸில்லா, ஸ்கிரீன்லேர்ந்து கண்ண எடுக்காம. "இதுலயும் ரெண்டு தப்பு பண்ணி வெச்சிருக்கான் இந்த யான்."