மேல்காற்றை நம்பிய வெங்காயப் பட்டறை

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து அரியலூர்ப் பேருந்தில் புறப்பட்டேன். பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தை அடுத்த சிற்றூரில் என் மகளைக் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி வீட்டாரின் விருந்தழைப்பை மூன்றாம் முறையும் தட்டுவது முறையன்று.

திருமானூருக்கு முன், கொள்ளிடப் பாலத்தில் ஏறியதுமே மேல்காற்று பேருந்தின் இடப்பக்கத்தில் வந்து மோதியது. கீழே நீரைவிட மணலே மிகுதி. அது காற்றில் புகைபோல் ஊர்ந்தது. நான் சன்னல் கண்ணாடியை இழுக்க முயன்றேன்.

"தொறந்தே இருக்கட்டும் சார்," என்றார் நடத்துநர். "பாலத்துக் காத்துக்குத் தனியா டிக்கெட் போடல."

அரியலூரை நெருங்குகையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிர்ப்பட்டன. சாலையின் கிழக்கு ஓர மரங்கள் தூசியால் வெளுத்திருக்க, மேற்கு ஓரத்து வேம்புகள் பச்சை மாறாமல் நின்றன. திசை அறிய வேறு கருவி வேண்டியதில்லை.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அங்கே பேருந்து மாறிச் செட்டிகுளம் சேர்ந்து, ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்து, பதினொரு மணிக்குச் சம்பந்தியின் தோட்டத்தில் இறங்கினேன். மகளும் மருமகனும் வேலைக்குத் திருச்சி சென்றிருந்தனர். சம்பந்தி செல்லமுத்துவும் அவர் துணைவியார் பாப்பாத்தி அம்மாளும் வரவேற்றனர். ஆனால் இருவர் கண்ணும் என் மீதில்லை. நீலத் தார்ப்பாய் மூடியிருந்த வெங்காயப் பட்டறை மீதிருந்தது.

பட்டறை என்பது சின்ன வெங்காயத்தைச் சேமிக்கும் அமைப்பு. கல் அடுக்கி, அதன்மேல் கழி பரப்பி, இருபுறமும் குச்சிகளால் அடைத்து, நடுவே வெங்காயத்தைக் கொட்டி, மேலே கரும்புத்தோகை வேய்கிறார்கள். அகலம் ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த அளவுகூட இராது. நீளமோ ஒரு வீட்டளவு. வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதால், மேல்காற்று அதன் முழு விலாவிலும் புகுந்து மறுபக்கம் வெளியேறுகிறது. மின்சாரமின்றி, அடுத்த நடவுக்கான விதை வெங்காயம் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. இத்துணை எளிய, இத்துணை நுட்பமான சேமிப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதல்நாள் மாலைச் சாரலுக்கு அஞ்சிச் செல்லமுத்து போட்ட தார்ப்பாய் அது. அம்மையார் அதன் அடியில் கையை நுழைத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏங்க, உள்ளாற வேர்த்துக் கெடக்கு. பிரிச்சுடலாம்."

"மேக்கால கருக்கிட்டு நிக்குது, தெரியல? ஆடி நடவுக்கு இருக்குறதே இந்த வெத ஒண்ணுதான்."

"அதனாலதான் சொல்றேன். நனைஞ்சத காத்து காயவச்சிடும். மூடி வச்சு வேர்த்தத எது காயவைக்கும்?"

"சம்பந்தி வந்திருக்காரு. சாப்பாட்ட கவனி மொதல்ல."

அம்மையார் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, கொழம்பு கொஞ்சம் நேரமாச்சுன்னா கோவிச்சுக்குவீங்களா?"

விருந்தினர் மரியாதை காக்கப்பட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பவனல்லன். ஆயினும் அந்த மரியாதைக்காக ஒரு போகத்து விதை புழுங்குவதை ஏற்க இயலவில்லை. பசியில்லை என்றேன், சட்டைக் கையை மடித்து ஒரு கயிற்று முனையை அவிழ்த்தேன். செல்லமுத்து மறுமுனைக்கு ஓடினார். தார்ப்பாய் பாய்மரம்போல் புடைத்து மூவரையும் இழுத்தது. அது விலகியதும் காற்று குச்சிகளினூடே சீறிப் பாய்ந்தது. புழுங்கிய வெங்காய நெடி கிழக்குப் பக்கம் நின்ற என் முகத்தில் அறைந்தது.

சற்று நேரத்தில் நாலு துளி விழுந்தது. செல்லமுத்து தார்ப்பாயை எடுக்க விரைந்தார். அம்மையார் அதை மடித்துப் போட்டு அதன்மேல் அமர்ந்துவிட்டார்.

"எந்திரி பாப்பாத்தி."

"தோக இருக்குல்ல, அது போதும். நான் எந்திரிக்கிறதா இல்ல."

துளி நின்றது. கருமேகத்தை அந்தக் காற்றே அரியலூர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. நாங்கள் உணவருந்துகையில் மணி மூன்று.

மாலை ஐந்து மணிக்கு அம்மையார் நடுப்பட்டறையிலிருந்து ஒரு கூடை எடுத்துக் கொட்டினார். அழுகல் ஒரு கைப்பிடி. மற்றவை கெட்டியாக, சருகு உலர்ந்து சலசலத்தன. செல்லமுத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஆடி நடவுக்கு விதை உண்டு.

எங்கள் ஊரில் இக்காற்று தொடங்கியதும் மேற்குச் சன்னல்களைச் சாத்திவிடுவோம். இங்கே ஒரு குடும்பம் அதன் பாதையில் தன் ஆண்டுப் பிழைப்பையே வைத்துவிட்டு உறங்குகிறது.

ஆறு மணிக்குப் பேருந்தேற்ற வந்த செல்லமுத்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நான் பிரிக்க வேணாம்னு நின்னத உங்க பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க சம்பந்தி. ஏற்கனவே மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி."

"அவள் என்னிடம் கேட்டால்?"

"காத்து அவுத்துடுச்சுன்னு சொல்லுங்க."